மேசைக்கு அடியில் இரண்டு சி.பி.யு.

அவிநாசியிலிருந்து திருமுருகன்பூண்டி, அம்மாபாளையம், அனுப்பர்பாளையம் வழியாகத் திருப்பூருக்குப் போகும் சாலையில் பனியன் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. அவற்றின் பேட்டர்ன் அறைகளில் ஒரே மேசைக்கு அடியில் இரண்டு சி.பி.யு. பெட்டிகள் நிற்பது அரிதான காட்சியல்ல. ஒன்று பழையது. டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து ரிப் என்று துண்டு துண்டாக வரைந்து, ஸ்மால் முதல் டபுள் எக்ஸ்எல் வரை அளவு மாற்றி, துணியின் அகலத்துக்குள் இடம் வீணாகாமல் அடுக்கித் தரும் மென்பொருள் அதில் இருக்கிறது. இந்த அடுக்கலுக்குத்தான் மார்க்கர் என்று பெயர். 1000 கிலோ துணி வெட்டும் ஆர்டரில் மார்க்கர் ஒரு சதவீதம் நெருக்கமாக அமைந்தால் 10 கிலோ துணி மிச்சம். அந்த மென்பொருளைக் கம்பெனிகள் பொத்திப் பொத்திப் பாதுகாப்பதில் வியப்பில்லை.

அதன் உரிமம் பெரும்பாலும் டாங்கிள் என்கிற சிறிய யு.எஸ்.பி. கருவியில் அடங்கியிருக்கும். மார்க்கரைத் தாளில் வரையும் பிளாட்டரும் பழையதாக இருந்தால் சீரியல் போர்ட் வழியாகத்தான் பேசும். கம்ப்யூட்டரை மாற்றினால் விண்டோஸ் மாறும். விண்டோஸ் மாறினால் மென்பொருளின் புதிய பதிப்பை வாங்க வேண்டும். அதோடு பிளாட்டரும் ஒத்துவராமல் போகலாம். ஓடுகிற இயந்திரத்தை ஏன் தொட வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதில் ஓடுவது விண்டோஸ் 7 என்றால், அதற்கு மைக்ரோசாப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை 2020 ஜனவரி 14-இல் நிறுத்திவிட்டது. ஆகவே அந்தப் பெட்டியை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருப்பதே நல்லது. ஆர்டர் தரும் பையரின் மெயில், ஆடையின் விவரங்கள் அடங்கிய டெக் பேக், டேலி கணக்கு, ஜி.எஸ்.டி., இ-வே பில் எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே புதிய கம்ப்யூட்டர் வந்து சேர்கிறது.

கம்ப்யூட்டர் இரண்டு, மேசையும் ஆளும் ஒன்றுதான். இரண்டு மானிட்டர், இரண்டு கீபோர்டு, இரண்டு மவுஸ் வைத்தால் பேட்டர்ன் அட்டையை விரிக்க இடமிருக்காது. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவரிடம் கேட்டால், "ஒரு சுவிட்ச் போட்டுக்கலாமுங்ண்ணா, ரெண்டு சிஸ்டத்துக்கும் ஒரே மானிட்டர் போதும்" என்பார். அந்தச் சுவிட்ச்தான் கே.வி.எம். சுவிட்ச். கீபோர்டு, வீடியோ, மவுஸ் மூன்றையும் ஒரு பொத்தானில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிடும் கையகலப் பெட்டி. சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருக்கும் வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால், கம்ப்யூட்டரும் மானிட்டரும் ஒரு கம்பி வழியாக எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதே புரிந்துவிடும்.

திருப்பூர் வட்டாரத்தில் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் தெரியாதவர் இல்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டரை ஓட்டி, பெரிய நெம்புகோலை ஈ.பி. பக்கமிருந்து ஜெனரேட்டர் பக்கம் தள்ளுவார்கள். மூலங்கள் இரண்டு, சுமை ஒன்று. இரண்டு மூலங்களும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்பதற்காக நடுவில் எதிலும் சேராத ஒரு நிலை உண்டு. கே.வி.எம். சுவிட்சையும் இப்படித்தான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மலிவான பெட்டியைச் செய்பவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துச் செய்கிறார்கள். ஆனால் ஜெனரேட்டர், தையல் மெஷின் மோட்டாரைப் பார்த்து "நீ யார், என்ன அளவு, எந்த வருடம் செய்தது?" என்று கேட்பதில்லை. மோட்டார் கழன்றுபோனால் ஜெனரேட்டர் தன் வேலை முறையை மாற்றிக்கொள்வதும் இல்லை. கம்ப்யூட்டர் இவை எல்லாவற்றையும் செய்கிறது. மானிட்டர் பக்கம் திரும்பிய கம்ப்யூட்டரைவிட, திரும்பாமல் விடப்பட்ட கம்ப்யூட்டரைக் கவனிப்பதுதான் இந்தப் பெட்டிக்குக் கடினமான வேலை.

கம்ப்யூட்டரை மானிட்டரோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கம்பியின் தலையில் 19 பின்கள் உண்டு. படத்தைச் சுமப்பவை அவற்றில் ஒரு பகுதிதான். கம்பியைச் செருகியதும் கம்ப்யூட்டர் 18-ஆம் பின்னில் 5 வோல்ட் அனுப்புகிறது. மானிட்டர் அதை உணர்ந்து 19-ஆம் பின்னை உயர்த்துகிறது. "இங்கே நான் இருக்கிறேன்" என்பது அதன் பொருள். அதன் பிறகே கேள்வி பதில் ஆரம்பிக்கிறது. 15, 16-ஆம் பின்களில் ஒரு மெதுவான தனி வழி இருக்கிறது. அதில் கம்ப்யூட்டர், மானிட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு நினைவகத்திலிருந்து 128 பைட் தகவலைப் படிக்கிறது. ஈ.டி.ஐ.டி. என்று அழைக்கப்படும் இந்தத் தகவல் அமைப்பை வெசா என்ற தர அமைப்பு 1994-இல் வகுத்தது. பழைய வி.ஜி.ஏ. கம்பியிலும் இது ஓடியது. இன்றைய கம்பிகளிலும் அதன் அடிப்படை அப்படியே இருக்கிறது.

அந்த 128 பைட்டுகளை எனக்கு மிகவும் பிடிக்கும். அவ்வளவு சிக்கனமாக எழுதப்பட்ட தன்விவரக் குறிப்பு வேறு இல்லை. தொடக்கத்தில் ஒரு பூஜ்யம், ஆறு முறை 255, மீண்டும் ஒரு பூஜ்யம்: இதைக் கண்டதும் கம்ப்யூட்டருக்கு இது எந்த வகைத் தகவல் என்று தெரிந்துவிடும். தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறியீடு வெறும் இரண்டு பைட்டில் அடைக்கப்பட்டிருக்கிறது, எழுத்துக்கு ஐந்து பிட் வீதம். தயாரித்த ஆண்டு ஒரே பைட். 1990-இலிருந்து எத்தனை ஆண்டு தள்ளி என்று எண்ணி எழுதுகிறார்கள், ஆகவே 2245 வரை இடமிருக்கிறது. திரையின் அகலமும் உயரமும் சென்டிமீட்டரில். பிறகு, இந்தத் திரைக்கு எத்தனை புள்ளிகள், நொடிக்கு எத்தனை முறை வேண்டும் என்ற விருப்ப அளவு 18 பைட்டில். கடைசி பைட் சரிபார்ப்புக்கானது: 128 எண்களையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லாவிட்டால் வழியில் ஏதோ சிதைந்துவிட்டது என்று பொருள். இந்த வழியின் வழக்கமான வேகத்தில் இவ்வளவையும் படிக்க நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குச் சற்றே அதிகம் ஆகும். இன்னொரு நயமும் உண்டு. கம்ப்யூட்டர் தரும் அந்த 5 வோல்ட்டே இந்த நினைவகத்தை இயக்கப் போதும். அதனால் மானிட்டரின் பவர் சுவிட்ச் அணைந்திருந்தாலும் அதன் விவரத்தைப் படிக்க முடியும்.

மலிவான சுவிட்சில் பொத்தானை அழுத்தினால் எல்லா பின்களும் ஒருசேர அந்தப் பக்கம் போய்விடுகின்றன. விடப்பட்ட கம்ப்யூட்டரின் 19-ஆம் பின் தாழ்ந்துவிடுகிறது. மானிட்டரை யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று அது முடிவு கட்டுகிறது. அந்த முடிவு தவறல்ல. அதற்குத் தெரிந்த உண்மை அதுதான். பிறகு திரையில் திறந்திருக்கும் சன்னல்களை இடம் மாற்றுகிறது, திரையின் அளவைக் குறைக்கிறது. திரும்பி வரும்போது மறுபடி கேள்வி, மறுபடி பதில், நான்கைந்து நொடி கறுப்புத் திரை. மார்க்கரில் பெரிதாக்கி வைத்திருந்த இடம் எங்கோ போயிருக்கும். இதைவிட மோசமானது காலையில் நடப்பது. சுவிட்ச் புதிய கம்ப்யூட்டர் பக்கம் இருக்கும்போது பழையதை ஆன் செய்தால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. விவரம் தெரியாத திரைக்கு என்று 1024-க்கு 768 போன்ற பொது அளவில் அது தொடங்கிவிடும். பேட்டர்ன் கோடுகள் பருத்து, எழுத்து மங்கி, வட்டங்கள் நீள்வட்டமாக நிற்கும். "மானிட்டர் போயிருச்சு" என்று சொல்லி மானிட்டரை மாற்றுபவர்களும் உண்டு.

நல்ல சுவிட்ச் முதலில் மானிட்டரின் 128 பைட்டையும் படித்துத் தன் நினைவகத்தில் பிரதி எடுத்துக்கொள்கிறது. பிறகு எந்தக் கம்ப்யூட்டர் எப்போது கேட்டாலும் தானே பதில் சொல்கிறது. 19-ஆம் பின்னை இரண்டு பக்கமும் எப்போதும் உயர்த்தியே வைக்கிறது. திரையில் தெரியாத கம்ப்யூட்டரும் தனக்கு முன்னால் மானிட்டர் இருப்பதாகவே நம்பிப் படம் வரைந்துகொண்டிருக்கும். கடையில் வாங்கும்போது "ஈ.டி.ஐ.டி. எமுலேஷன் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டியது இதற்காகத்தான். டிஸ்ப்ளேபோர்ட் கம்பியில் வேலை இன்னும் கடினம். அங்கே கம்ப்யூட்டரும் மானிட்டரும் எத்தனை இணைக் கம்பிகளை எந்த வேகத்தில் பயன்படுத்துவது என்று ஒவ்வொரு முறையும் சோதித்து ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. அந்த ஒப்பந்தத்தையும் விடப்பட்ட பக்கத்தில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் சுவிட்சுகள் விலை அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தச் சிக்கலின் வேர் பழையது. 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் பி.எஸ்/2 வரிசைக் கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்த வட்டமான கீபோர்டு, மவுஸ் போர்ட்டுகள் பலருக்கு நினைவிருக்கும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது கீபோர்டு இல்லையென்றால் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும் காலம் அது. சர்வர்களை அடுக்கி வைத்திருந்தவர்கள் ஒரே கீபோர்டை எல்லாவற்றுக்கும் பயன்படுத்த விரும்பியபோது, கைதிருகும் வெறும் சுவிட்சுகள் இந்த இடத்தில்தான் முட்டின. இரவில் கரண்ட் போய் வந்தால், கீபோர்டு இல்லாத பக்கத்துச் சர்வர்கள் எல்லாம் பாதியில் நிற்கும். ஆகவே கீபோர்டு இருப்பதாக ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியே பதில் சொல்லும் மின்னணுச் சுற்றுகளைச் சுவிட்சுக்குள் வைத்தார்கள். அமெரிக்காவின் ஹண்ட்ஸ்வில் நகரில் இருந்த சைபெக்ஸ் நிறுவனம் இதில் முன்னோடிகளில் ஒன்று. கே.வி.எம். என்ற பெயரே 1995-இல் அதன் நிறுவனர் ரெமிஜியஸ் ஷாட்டாஸ் இட்டதாகச் சொல்கிறார்கள்.

யு.எஸ்.பி. வந்தபின் கீபோர்டின் இருப்பை அறியும் முறை மாறியது. யு.எஸ்.பி. கம்பியின் இரண்டு தகவல் இழைகளில் ஒன்றை, கருவி 1.5 கிலோ ஓம் தடை ஒன்றின் வழியாக மேலே இழுத்துப் பிடிக்கிறது. எந்த இழை உயர்ந்திருக்கிறது என்பதை வைத்தே மெதுவான கருவியா வேகமான கருவியா என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். உடனே அது கருவியை மீட்டமைத்து, 1 முதல் 127 வரை ஒரு முகவரி எண்ணைக் கொடுத்து, "நீ கீபோர்டா, மவுஸா, பிரிண்டரா?" என்று விவரங்களைக் கேட்டு வாங்குகிறது. அதன் பிறகும் கருவி தானாகப் பேசாது. கம்ப்யூட்டர்தான் பெரும்பாலும் 8 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 125 முறை, "ஏதாவது உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நாம் மவுஸைத் தொடாமல் டீ குடிக்கும் நேரத்திலும் அந்தக் கேள்வி நிற்பதில்லை.

கீபோர்டு சொல்லும் பதில் 8 பைட். ஷிப்ட், கண்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒரு பைட், காலியாக ஒன்று, அழுத்தியிருக்கும் விசைகளின் எண்கள் அதிகபட்சம் ஆறு. ஏ என்று பொறித்த விசையை அழுத்தினால் போவது 4 என்ற எண் மட்டுமே. அது ஆங்கில ஏ ஆவதும், தமிழ்99 முறையில் அ ஆவதும் கம்ப்யூட்டருக்குள் நடக்கிறது. அதனால் ஒரே கீபோர்டை வைத்துக்கொண்டு, ஒரு கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் பையருக்கு மெயிலும் மற்றதில் தமிழில் கட்டிங் செக்‌ஷனுக்குக் குறிப்பும் எழுதலாம். சுவிட்சுக்கு மொழி எதுவும் தெரிய வேண்டியதில்லை. கேப்ஸ் லாக் விளக்கும் கீபோர்டின் சொந்த முடிவல்ல; கம்ப்யூட்டர் அனுப்பும் கட்டளையால் எரிகிறது. பக்கம் மாற்றியதும் விளக்கு அணைந்து எரிவது கோளாறு இல்லை.

இங்கேயும் இரண்டு வகைச் சுவிட்சுகள். எளிய வகை, ஒவ்வொரு முறையும் கீபோர்டையும் மவுஸையும் பிடுங்கி அந்தப் பக்கம் செருகுவதற்கு ஈடான வேலையைச் செய்கிறது. முகவரி கொடுத்து விவரம் கேட்கும் சடங்கு முழுவதும் மறுபடி நடக்க வேண்டும். ஓரிரு நொடி கை சும்மா இருக்கும். மற்ற வகையில் சுவிட்சே ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முன்னும் ஒரு கீபோர்டாகவும் மவுஸாகவும் நின்று, நொடிக்கு 125 கேள்விகளுக்கும் "ஒன்றும் இல்லை" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும். மாற்றம் கண நேரத்தில் நடக்கும். ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை தட்டிப் பக்கம் மாற்றும் வசதி இந்த வகையில்தான் கிடைக்கும், ஏனென்றால் அதற்குச் சுவிட்ச் நம் விசைகளைப் படித்தாக வேண்டும். வேறு எதற்கும் அதிகம் பயன்படாத விசை என்பதால் ஸ்க்ரோல் லாக்கைத் தேர்ந்தார்கள். குறை ஒன்று உண்டு. சுவிட்சுக்குத் தெரிந்த சாதாரண மவுஸ் மட்டுமே கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். பக்கவாட்டில் கூடுதல் பொத்தான்கள் உள்ள மவுஸாக இருந்தால் அவை செயலிழக்கலாம்.

கீபோர்டு நொடிக்கு 125 முறை 8 பைட் அனுப்பினாலும் மொத்தம் 8000 பிட்தான். படத்தைப் பாருங்கள். 1920-க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 60 முறை, புள்ளிக்கு 24 பிட் என்றால் கிட்டத்தட்ட 300 கோடி பிட். கீபோர்டைப் போல மூன்றரை லட்சம் மடங்குக்கும் மேல். எச்.டி.எம்.ஐ. இதை மூன்று இணைக் கம்பிகளில் பங்கிட்டு, மின்குறிப்பு சீராக இருப்பதற்காக ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புகிறது. இடைவெளி நேரங்களையும் சேர்த்தால் ஒவ்வொரு இணையிலும் நொடிக்கு 148.5 கோடி பிட்.

இந்த எண்ணை நீளமாக மாற்றிப் பார்த்தால் விஷயம் கண்ணுக்குத் தெரியும். கம்பிக்குள் மின்குறிப்பு ஒரு நானோநொடியில் சுமார் 20 சென்டிமீட்டர் ஓடுகிறது. அப்படியானால் ஒரு பிட் கம்பியின் மேல் பிடிக்கும் இடம் 13 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒன்றரை மீட்டர் கம்பிக்குள் ஒரே சமயத்தில் பதினோரு பிட்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. 4கே திரைக்கு 60 ஹெர்ட்ஸ் என்றால் வேகம் நான்கு மடங்கு. ஒரு பிட்டின் நீளம் மூன்றரை சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. கம்பித் தலையின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். கம்பியின் தன்மை மாறும் ஒவ்வொரு மூட்டிலும் மின்குறிப்பின் ஒரு பகுதி திரும்பி எதிரொலிக்கிறது. பிட் நீளமாக இருந்தவரை அந்த எதிரொலி பெரிய பொருட்டல்ல, பிட் குறுகியதும் பக்கத்துப் பிட்டையே கெடுக்கிறது. சுவிட்ச் போடுவது என்றால் இன்னொரு கம்பியையும் இரண்டு மூட்டுகளையும் சேர்ப்பது. திரையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மின்னுவது, அடிக்கடி ஒரு நொடி கறுத்து மீள்வது எல்லாம் இதன் அறிகுறிகள். கம்பிகளைக் குட்டையாக்கினால் பெரும்பாலும் சரியாகும். மூன்று மீட்டர் கம்பியைச் சுருட்டி மேசைக்குப் பின்னால் கட்டி வைப்பதைவிட ஒரு மீட்டர் கம்பி வாங்குவது மேல். பனியன் கம்பெனிக்கே உரிய இன்னொரு எதிரி பஞ்சு. கட்டிங் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சின் காலியான போர்ட்டுகளுக்குள் பஞ்சு படியும். அவற்றுக்கு மூடி போட்டு வைக்க வேண்டும்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நல்ல சுவிட்ச் வாங்கிய பிறகும் போர்ட்டுகள் எரிந்துபோவதற்கு இதுதான் காரணமாக இருக்கிறது.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள், மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து பெட்டியின் உலோக உடலுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து அதே உடலுக்கு. உடல் எர்த்தோடு இணைந்திருந்தால் அந்தச் சிறு மின்னோட்டம் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் தொங்கும் உடல், 230 வோல்ட்டில் சரிபாதியான 115 வோல்ட் அளவில் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைக் கொல்லாது, ஆனால் சி.பி.யு.வின் பின்பக்கத்தைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும், டெஸ்டர் வைத்தால் விளக்கு எரியும். "அது எல்லாக் கம்ப்யூட்டர்லயும் அப்படித்தானுங்க" என்று சொல்லிப் பழகிவிட்டோம். எர்த் சரியாக இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படி இராது.

தனியாக இருக்கும் வரை அந்தக் கம்ப்யூட்டர் எப்படியோ ஓடிவிடும். சுவிட்ச் வந்ததும் நிலைமை வேறு. எச்.டி.எம்.ஐ., யு.எஸ்.பி. கம்பிகளின் வெளியுறை ஒவ்வொன்றும் அந்தந்தக் கம்ப்யூட்டரின் உலோக உடலோடு இணைந்திருக்கிறது. சுவிட்சுக்குள் அவை எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. பொத்தான் படத்தை மட்டும் மாற்றுகிறது. உறைகள் எந்நேரமும் சேர்ந்தேதான் இருக்கின்றன. புதிய கம்ப்யூட்டர் யு.பி.எஸ். வழியாக நல்ல எர்த்தில் நிற்கிறது, பழையது சுவரில் ஒரு இரண்டு பின் மாற்றி வழியாக எர்த் இல்லாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பியைச் செருகினால் 115 வோல்ட் உடலும் பூஜ்ய வோல்ட் உடலும் அந்த நுனியில் சந்திக்கின்றன. ஒரு பொறி பறக்கும். 5 வோல்ட்டுக்கும் 3 வோல்ட்டுக்கும் செய்யப்பட்ட சில்லுகளில் அந்தப் பொறி புகுந்தால் போர்ட் அத்தோடு முடிந்தது.

தடுப்பது எளிது, செலவும் குறைவு. இரண்டு சி.பி.யு., மானிட்டர் மூன்றையும் ஒரே மூன்று பின் பலகையில் செருகுங்கள். மேலே இருக்கும் பருத்த பின்னை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் முதலில் எர்த் குழியைக் கவனியுங்கள், கம்ப்யூட்டரைப் பிறகு பார்க்கலாம். கம்பிகளை எல்லாம் செருகிய பிறகே பவரைப் போடுங்கள். சுவிட்ச் வாங்கும் பணத்தைவிட இந்த ஒரு மணி நேர எர்த் வேலைக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

சுவிட்ச் போட்டால் இணையத்தில் இல்லாத பழைய பெட்டிக்கு வைரஸ் வந்துவிடாதா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டி இந்தக் கேள்வி நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி, நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், அங்கே ஒரு தீநிரல் இருப்பதைத் தெரிவித்தது. இணையத்தோடு இணைந்த, நிர்வாகப் பணிக்கான கம்ப்யூட்டர் ஒன்றில் அது இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-இல் ஒப்புக்கொண்டது. முக்கியமான உள்வலை தனித்திருப்பதால் அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. தனித்து வைப்பதன் மதிப்பு அதுதான்.

சாதாரண கே.வி.எம். சுவிட்ச் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் இடையே கோப்புகளைக் கடத்தும் வழி அல்ல. ஒன்றில் காப்பி செய்து மற்றதில் பேஸ்ட் செய்ய முடியாது. முதல் முறை பயன்படுத்துபவர்கள் பலரும் இதை முயன்று பார்க்கிறார்கள். ஆனால் சுவிட்சில் கூடுதலாக இருக்கும் யு.எஸ்.பி. துளையில் பென் டிரைவைச் செருகிவிட்டு, பொத்தானை இங்கும் அங்கும் மாற்றினால், அது ஒவ்வொரு பக்கமும் போய்வருகிறது. வைரஸும் கூடவே போய்வரும். ராணுவம் போன்ற இடங்களுக்கான பாதுகாப்புச் சுவிட்சுகளில் பென் டிரைவ் வேலை செய்யும் துளையே இருக்காது. கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் தகவல் போகும். திரும்பி வர வழியில்லை, கேப்ஸ் லாக் விளக்குக்குக் கூட. மானிட்டரின் 128 பைட்டைக்கூட அவை தொடக்கத்தில் ஒருமுறை படித்துப் பூட்டிவிடுகின்றன. ஒரு கம்ப்யூட்டர் அந்த நினைவகத்தில் எதையாவது எழுதி, மற்றது அதைப் படித்துவிட்டால் அதுவே ஒரு கள்ளவழி ஆகிவிடும் என்பதால். பேட்டர்ன் அறைக்கு அவ்வளவு தேவையில்லை. பென் டிரைவைச் சுவிட்சில் செருகாமல் இருந்தால் போதும்.

டாங்கிளையும் சுவிட்சில் செருகக் கூடாது. பேட்டர்ன் மென்பொருள் அவ்வப்போது டாங்கிளைத் தேடிப் பார்க்கும். நாம் மெயில் பார்க்கப் பக்கம் மாற்றிய நேரத்தில் அது தேடிக் கிடைக்கவில்லை என்றால், சேமிக்காத மார்க்கரோடு நின்றுவிடலாம். சி.பி.யு.வின் பின்பக்கத்திலேயே நேராகச் செருகி, எடுக்காமல் விட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யவும் சுங்கத் தாள்களில் கையொப்பமிடவும் பயன்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் இதேதான். பிரிண்டரைச் சுவிட்சில் போடலாம். ஆனால் அச்சாகி முடியும் முன் பக்கம் மாற்றினால் பாதித் தாளோடு நிற்கும்.

என் கருத்தைக் கேட்டால், பெரும்பாலான பேட்டர்ன் அறைகளுக்கு முழு கே.வி.எம். சுவிட்சே தேவையில்லை. இப்போது கிடைக்கும் பல மானிட்டர்களில் எச்.டி.எம்.ஐ., வி.ஜி.ஏ. அல்லது டிஸ்ப்ளேபோர்ட் என்று இரண்டு உள்வாய்களாவது இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டரை நேராகச் செருகிவிட்டு, மானிட்டரின் சொந்தப் பொத்தானிலேயே படத்தை மாற்றிக்கொள்ளலாம். பல மானிட்டர்கள் காட்டாத உள்வாய்க்கும் தங்கள் விவரத்தைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. நடுவில் மூட்டு இல்லை, கூடுதல் கம்பி இல்லை. கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும் ஒரு சிறிய யு.எஸ்.பி. சுவிட்ச் வாங்கினால் போதும். இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நாளுக்கு நூறு முறை பக்கம் மாற்ற வேண்டியவர்களுக்கும், ஒரே உள்வாய் உள்ள மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கும் முழுச் சுவிட்ச் நல்ல துணை.

அப்படி வாங்குவதானால் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு சிஸ்டத்தோடு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். சுவிட்சை முதல் கம்ப்யூட்டர் பக்கம் வைத்துவிட்டு, இரண்டாவதை ஷட் டவுன் செய்து, திரை அந்தப் பக்கம் வராமலேயே மறுபடி ஆன் செய்யுங்கள். அது முழுவதும் தொடங்கி முடிக்க இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு பக்கம் மாற்றி, திரை அமைப்பில் என்ன அளவு காட்டுகிறது என்று பாருங்கள். 1920-க்கு 1080 என்று இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். 1024-க்கு 768 என்று வந்தால் வேறு மாடல் கேளுங்கள்.